இசைக்குழுவின் அகப்பக்கம் யாருக்காக?

பட்டர்வொர்த்தில் பயிற்சி செய்து, பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் வாசிக்கும் ஏழு பேர் கொண்ட இசைக்குழுவில் நான் தபேலாக் கலைஞன். சென்ற ஆண்டு ஜார்ஜ் டவுனில் ஒரு கலை விழாவின் ஏற்பாட்டாளர் நண்பகலில் அழைத்து, நிகழ்ச்சி நிரல் மறுநாள் அச்சுக்குப் போவதால், குழுவின் படம் ஒன்றும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சிறிய அறிமுகமும் மேடை அமைப்பு வரைபடமும் மாலை ஐந்து மணிக்குள் வேண்டும் என்று கேட்டார். எங்களிடம் இருந்தவை ஒரு முகநூல் பக்கமும் புலனத்தில் (வாட்ஸ்அப்) சிதறிக் கிடந்த படங்களுமே. அவசரமாக அனுப்பிய படம் அச்சுக்கு உதவவில்லை. மற்றக் குழுக்களின் படங்களுக்கு நடுவே எங்கள் பெயர் மட்டும் தனியாக அச்சாகி வந்தது. அதைக் கையில் வாங்கிய நாளில்தான் எங்களுக்கென ஓர் அகப்பக்கம் அமைக்கும் பொறுப்பை நான் ஏற்றேன்.

முதலில் அமைத்த பக்கம் தவறாகவே அமைந்தது. குழு தொடங்கிய கதை, குருநாதர்களுக்கு வணக்கம், பெற்ற பொன்னாடைகள் என்று எங்களை ஏற்கெனவே அறிந்தவர்கள் மகிழக்கூடிய செய்திகளால் அதை நிரப்பியிருந்தேன். ஆனால் நம் ரசிகர் நம்மைத் தேடி அங்கே வருவதில்லை. அவர் முகநூலிலும் யூடியூபிலும் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அகப்பக்கத்துக்கு வருபவர், மகளின் திருமணத்துக்குக் குழு தேடும் தகப்பனார், திருவிழாக் குழுவின் செயலாளர், மேடையை அமைக்கப்போகும் ஒலி அமைப்பாளர் போன்றவர்கள். அவர்கள் நம் வாசிப்பை ஒருமுறைகூடக் கேட்டிராதவர்கள். கையில் இன்னும் நான்கைந்து குழுக்களின் பெயர்களை வைத்திருப்பவர்கள்.

ஆகவே, பக்கத்தைத் திறந்தவுடன் ஒரே தொடுதலில் பாட்டு கேட்க வேண்டும். ஆனால் தொடாமலே அது ஒலிக்கத் தொடங்கக் கூடாது. 2018 ஏப்ரல் முதல் குரோம் உலாவியே ஒலியுடன் தானாக இயங்குவதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது என்பதால், அந்தப் பழைய வழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது. ஐந்து நிமிடப் பாடலை ஒலிப்பதிவுக் கூடத்தில் தரும் சுருக்கப்படாத வேவ் கோப்பாகவே ஏற்றினால் ஏறக்குறைய 50 மெகாபைட் ஆகிவிடும். அதையே நடுத்தரமான எம்பி3 ஆக மாற்றினால் 5 மெகாபைட் போதும். பெர்ரிப் படகில் நின்றபடி கைப்பேசியில் கேட்பவர் பாட்டு வரும்வரை காத்திருக்க மாட்டார். எத்தனை பாடல்கள் வேண்டும் என்று கேட்டால், மூன்று என்பேன்: மெல்லிசை ஒன்று, பக்திப் பாடல் ஒன்று, மண்டபத்தில் மக்களை எழுந்து ஆட வைக்கும் பாடல் ஒன்று. மூன்றும் மேடையில் நேரடியாகப் பதிவானவையாக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அழைப்பவர் வாங்கப்போவது மேடை வாசிப்பைத்தான்.

படத்தில் நாங்கள் பட்ட பாட்டுக்குக் காரணம் எளிது. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது பொதுவான அளவு. எட்டு அங்குல அகலத்துக்கு 2400 புள்ளிகள். புலனத்தில் சாதாரணமாக அனுப்பும் படம் வழியிலேயே சுருக்கப்பட்டுவிடுகிறது. சுருக்காத படம் ஒன்று அகலவாக்கிலும் ஒன்று உயரவாக்கிலும் பதிவிறக்கத்துக்கு இருந்தால், நள்ளிரவிலும் வடிவமைப்பாளர் நம்மை எழுப்பாமல் எடுத்துக்கொள்வார். படத்தில் நிற்பவர்களின் பெயர்களையும் அவரவர் இசைக்கருவியையும் இடமிருந்து வலமாக எழுதிவைக்க வேண்டும். இருபது ஆண்டுகளாக டோலக் வாசிக்கும் எங்கள் அண்ணனின் பெயர் எந்த அழைப்பிதழிலும் சரியாக அச்சாகி நான் பார்த்ததில்லை.

மேடை வரைபடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் குழுக்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விடுவது இதைத்தான். ஏழு பேர் என்றால் ஏழு ஒலித்தடங்கள், அதாவது ஒலி அமைப்பில் தனித்தனி இணைப்புகள், போதும் என்று வெளியார் நினைத்துவிடுகிறார்கள். எங்கள் குழுவில் பாடகர் இருவருக்கு இரண்டு, தபேலாவுக்கு இரண்டு, டோலக்குக்கு இரண்டு, கீபோர்டுக்கு இரண்டு, ஆக்டோபேடு என்ற மின் தாளக் கருவிக்கு இரண்டு, பேஸ் கிட்டாருக்கு ஒன்று என்று பதினொன்று ஆகிறது. தபேலா வாசிப்பவர் தரையில் அமர்வாரா, உயர்ந்த பலகையில் அமர்வாரா, அவருக்குப் பாடகரின் குரல் கேட்க ஒலிபெருக்கி எந்தப் பக்கம் வேண்டும் என்பதையும் வரைந்துவிட்டால், தபேலாவை இதுவரை கண்டிராத ஒலி அமைப்பாளருக்கும் விளங்கும். மேடைக்குப் போன பிறகு இதையெல்லாம் கேட்டுப் பெறுவதற்குள் மண்டபத்தில் விருந்தினர் வந்து அமர்ந்துவிடுவார்கள்.

நிகழ்ச்சி அறிவிப்புகளில் ஆண்டையும் கிழமையையும் எழுதாமல் விடுவது நம்மிடையே பரவலான குறை. 'தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில்' என்று எழுதினால், பினாங்கு முருகன் கோயிலை அறிந்த நமக்குப் புரியும். ஆனால் தைப்பூசம் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11. அடுத்த ஆண்டு அந்தப் பக்கத்தைக் காண்பவருக்கு அது நடந்து முடிந்ததா, இனிமேல்தான் வருகிறதா என்று தெரியாது. இதைப் போலவே, குழுவின் பெயரை அழகிய எழுத்தில் படமாக மட்டும் வைத்துவிட்டால் தேடுபொறி அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. தமிழ் எழுத்திலும் உரோமன் எழுத்திலும் பெயரைத் தட்டச்சு செய்தே வைக்க வேண்டும். மலாய்க்காரரும் சீனரும் நம்மை அழைக்கும் ஊர் இது. அவர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதித் தேடுவார்கள்.

முகநூலே போதாதா என்று குழுவில் கேட்டார்கள். 2003 முதல் 2015 வரை மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஏற்றப்பட்ட பாடல்களில் மிகப் பெரும் பகுதி, வழங்கியை (சர்வர்) மாற்றும்போது அழிந்துபோனதாக அந்நிறுவனமே 2019இல் ஒப்புக்கொண்டது. உலகெங்கும் எத்தனையோ குழுக்களுக்கு அதுவே ஒரே சேமிப்பாக இருந்தது. மற்றவர் இடத்தில் கடை போடலாம், தவறில்லை. ஆனால் மூலப் பதிவும் பெயரும் நம் வீட்டில் இருக்க வேண்டும். பெயர் என்று நான் சொல்வது இணைய முகவரியை. நான் முன்பு வாசித்த குழு ஒன்றில் முகவரியை ஓர் உறுப்பினர் தம் சொந்த மின்னஞ்சலில் பதிந்திருந்தார். அவர் விலகிப்போன பின் புதுப்பிக்க யாராலும் முடியாமல், ஒரு நாள் அந்த முகவரி வேறு யாருக்கோ போய்விட்டது. இப்போது எங்கள் முகவரியைக் குழுவின் பொது மின்னஞ்சலில் பதிந்து, கடவுச்சொல்லை மூவரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.

கட்டணத்தை எழுதலாமா என்பதில் மட்டும் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. தொலைபேசியில் பேசி, குடும்ப நிலை அறிந்து சொல்வதுதான் மரியாதை என்று அண்ணன் கருதுகிறார். கேட்கத் தயங்கியே அழைக்காமல் போகும் குடும்பங்கள் உண்டு என்பது என் எண்ணம். இப்போதைக்கு ரிங்கிட் கணக்கு எதையும் போடாமல், ஏழு பேர் மூன்று மணி நேரம் வாசிப்பார்கள், ஒலி அமைப்பு சேராது, பாலத்தைக் கடந்து வருவதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதையும், மாலை ஏழு மணிக்கு மேல் அழைத்தால் அண்ணனே பேசுவார் என்பதையும் எழுதியிருக்கிறோம்.