மணலைக் காற்றால் மேல்மாடிக்கு ஏற்றிப் பார்த்தேன்

கொழும்பு காலிமுகத்திடலில் நின்று பார்த்தால் தெரியும் துறைமுக நகரத்தின் 269 ஹெக்டெயர் நிலமும் கடலடியில் இருந்து நீரோடு சேர்த்து இறைக்கப்பட்ட மணலால் ஆனது. நீர் செய்யும் அந்த வேலையைக் காற்றைக் கொண்டு செய்ய வேண்டும் என்ற ஆசையில், வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்து 3 மீற்றர் உயரத்தில் இருக்கும் பல்கனிக்கு ஆற்றுமணலை ஏற்ற மூன்று வாரமாக முயன்று வருகிறேன்.

முதலில் 25 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயைப் பொருத்தி, காற்றை அழுத்தித் தரும் கொம்பிரசரின் அழுத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். மணல் ஓரடி உயரம் எழுந்து அங்கேயே சுழன்றது. கணக்குப் போட்ட பிறகுதான் காரணம் விளங்கியது. என் கொம்பிரசர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 லீற்றர் காற்றைத்தான் தருகிறது. அந்த அகலக் குழாயில் அது விநாடிக்கு 5 மீற்றர் வேகம் மட்டுமே. அரை மில்லிமீற்றர் மணல்மணி காற்றில் விழும் வேகமே விநாடிக்கு 4 மீற்றர் அளவில் இருப்பதால், மணல் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றிருக்கிறது. மணலைச் சுமந்து செல்வது காற்றின் வேகமே. அழுத்தம் அந்த வேகத்தை உண்டாக்கும் வழி மட்டுமே. 12 மில்லிமீற்றர் ரியூபுக்கு மாறியதும் அதே காற்று விநாடிக்கு 20 மீற்றரைத் தாண்டியது, முதல் பிடி மணல் பல்கனி வாளியில் சலசலவென்று விழுந்தது.

அடுத்த தடை ஈரம். வெயிலில் காயவைத்த மணலும் கொழும்பின் காற்றில் இரவோடு இரவாகக் கட்டிபட்டுவிடுகிறது. ஆகவே தாச்சியில் வறுத்து, ஆறவைத்து, மூடிவைத்தேன். அப்படியும் ரியூபின் வாயில் மணல் ஈரமாகத் திரண்டது. நம் ஊரின் ஈரக்காற்றை அழுத்தி, கொம்பிரசரின் காற்றுத் தாங்கிக்குள் குளிரவிட்டால் நீராவி நீராகிவிடும் என்பதை நான் எண்ணவில்லை. தாங்கியின் அடித்திருகைத் திறந்தபோது அரைக் கோப்பை பழுப்புத் தண்ணீர் வந்தது. அன்றே நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றை இடையில் பொருத்தினேன்.

இந்த முயற்சியில் என் மனதை முழுதாகக் கவர்ந்தது, ரியூபுக்குள் போகவேண்டிய மணலைக் கொட்டிவைக்கும் குழாயில் செய்த மாற்றமாகும். 6 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அந்தக் குழாயின் அடியில் தடித்த துணியை இறுகக் கட்டி, அதனூடாகச் சிறிதளவு காற்றை மேல்நோக்கி விட்டேன். இறுகிக் கிடந்த மணல் மெல்ல உப்பி, மேற்பரப்பு மட்டமாகி, குமிழிகள் வெடித்தன. மேலே போட்ட இரும்பு நட் சத்தமில்லாமல் மூழ்கியது. அடியில் புதைத்த மேசைப்பந்து தானாக மேலே வந்தது. எட்டிப் பார்த்த அம்மா, "இதென்னடா, பால் பொங்குற மாதிரிக் கிடக்கு" என்றார். ஜெர்மனியில் 1920களில் ஃபிரிட்ஸ் வின்க்லர் என்பவர் நிலக்கரித் துகளை இப்படித்தான் நீர்மம் போல ஆக்கி எரிவாயு எடுத்தார். இந்த நிலையில் மணல் தடைபடாமல் ரியூபுக்குள் இறங்குகிறது. ஒரு கிலோ மேலே போக இப்போது நான்கு நிமிடம் எடுக்கிறது.

செய்ய விரும்புவோர் பிளாஸ்ரிக் போத்தலையோ பி.வி.சி. குழாயையோ மூடிவைத்து உள்ளே அழுத்தம் ஏற்றக்கூடாது. வெடித்தால் சிதறல்கள் கண்ணைப் பறித்துவிடும். நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலை நிரந்தரமாகக் கெடுப்பதால் தகுந்த முகக்கவசம் இல்லாமல் நான் வால்வைத் திறப்பதில்லை. வாளியின் வாயையும் நெருக்கமான துணியால் மூடுகிறேன்.

பல்கனி விளிம்பில் ரியூப் வளையும் இடம் உள்ளிருந்து அராவப்பட்டு, வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிந்துவிட்டது. வரும் ஞாயிறு அந்த வளைவை இன்னும் அகலமாக்கி, தடித்த இறப்பர் குழாய் போட்டுப் பார்க்கப்போகிறேன்.