கம்பம் ஆடும் கணக்கு: எண்ணூர் நாட்குறிப்பு

ஜூன் 4
எண்ணூர் பட்டறை முற்றத்தில் கம்பம் நின்றுவிட்டது. 9 மீட்டர் உயரம், 4 இஞ்சு பைப். உச்சியில் 40 கிலோ காற்றாலை, இறக்கை வட்டத்தின் விட்டம் 2.5 மீட்டர். அடி வெல்டிங்கிலிருந்து ஒரு முழம் தள்ளி எதிரெதிரே ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டினேன், கம்பம் வளையும்போது இரும்பு எவ்வளவு நீளுகிறது என்று காட்டும் சின்ன உணரி. எமரித் தாளால் தேய்த்த இடம், பசை எடுத்து வருவதற்குள் பழுப்பேறிவிட்டது. உப்புக் காற்று! மறுபடியும் தேய்த்தேன்.

ஜூன் 5
காலை 8 மணி. இலை அசையவில்லை, அளவு மட்டும் ஏறுகிறது. வெயில் பட்ட பக்கத்து கேஜ் சூடாகிவிட்டது, எதிர்ப்பக்கம் இன்னும் நிழலில். இனி பூஜ்யம், அதாவது சுமை இல்லாத தொடக்க அளவு, எடுப்பது விடிவதற்கு முன்புதான்.

ஜூன் 6
இழுவைச் சோதனை. கேஜுக்கு 8 மீட்டர் மேலே கயிறு, நடுவில் காசிமேட்டில் இரவல் வாங்கிய மீன் தராசு. வெல்டர் அண்ணன் 45 டிகிரி சாய்வில் இழுத்தார். "இன்னா தம்பி, கம்பத்தையா நிறுக்கிற?" தராசில் 28 கிலோ, கிடைவாக்கில் 20தான். கணக்குப்படி 190 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் 190 பங்கு நீட்சி) வர வேண்டும், கேஜ் 187 காட்டியது. எனக்கு ஒரே குஷி.

அப்புறம் கயிற்றைச் சட்டென்று விட்டோம். 10 ஆட்டத்துக்கு 12.5 நொடி, அதாவது நொடிக்கு 0.8 ஆட்டம் (ஹெர்ட்ஸ்). என் கணக்கில் 0.86. குஷி போயிற்று.

ஜூன் 7
தூக்கமில்லை. அடி இளகியிருந்தாலும் கேஜுக்குத் தெரியாது. இழுவையை உயரத்தால் பெருக்கினால் வருவதைத்தான் அது காட்டும், அது மாறாது. ஆட்டம் மெதுவாகும், அதுதான் காட்டிக்கொடுக்கும். காலையில் அடித்தகட்டுக்குக் கீழே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்த்தேன். மேற்கு மூலையில் அரை மில்லிமீட்டர் தகடு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அங்கே கிரௌட்டே இல்லை, தகட்டுக்கடியில் இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் கலவை. அன்று மேஸ்திரியிடம் "போதும்" என்றது நான்தான்.

ஜூன் 12
கிரௌட் இறுகிவிட்டது. 10 ஆட்டத்துக்கு 11.7 நொடி. சரி.

மதியம் கடற்காற்று வந்தது. நொடிக்கு 7 மீட்டரில் சராசரி 110 மைக்ரோஸ்ட்ரெயின், கணித்தது 120. இறக்கை கிளம்பி நிமிடத்துக்கு 51 சுற்றைத் தாண்டும்போது கம்பம் ஒருமுறை குலுங்கியது. அது கம்பத்தின் சொந்த ஆட்டத்தோடு சுற்று ஒத்துப்போகும் வேகம், அங்கே தங்காமல் கடந்தால் போதும்.

பயம் வேறு இடத்தில். கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சென்னைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், இன்றையதைப்போல 51 மடங்கு. இறக்கை நேராகவே நின்றால் பைப் தாங்காது. வால் மடங்கி இறக்கையைக் காற்றிலிருந்து ஒதுக்க வேண்டும். ஏறிப் பார்த்தேன், வால் கீலில் அதற்குள் துரு.