எட்டு மாதம், மூன்று கதைகள், ஒரு நோட்டு

ஜனவரி 1-ம் தேதி ஒரு புது நோட்டின் முதல் பக்கத்தில் "இந்த வருடம் நாவல் எழுதி முடிக்க வேண்டும்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். இப்போது ஆகஸ்ட் முடியப்போகிறது. நாவல் எழுதவில்லை. ஆனால் மூன்று சிறுகதைகளை முழுதாக முடித்திருக்கிறேன், நான்காவது பாதியில் நிற்கிறது. அதற்கு முந்தைய பத்து வருடங்களில் எத்தனையோ கதைகளைத் தொடங்கியிருக்கிறேன், ஒன்றைக்கூட முடித்ததில்லை. அதனால் இது எனக்குப் பெரிய விஷயம். எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்பதை மறப்பதற்குள் நோட்டைப் புரட்டிப் பார்த்து எழுதி வைக்கிறேன். தொடங்கித் தொடங்கி நிறுத்திவிடுகிற வேறு யாருக்காவது பயன்பட்டால் சந்தோஷம்.

முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிட்டது. "நாவல் எழுத வேண்டும்" என்ற இலக்கை வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலையில் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு எண் இருந்தால் தேவலை என்று தோன்றியது. 1999-ல் அமெரிக்காவில் சிலர் சேர்ந்து தொடங்கி, பிறகு நவம்பர் மாதச் சவாலாக உலகம் முழுக்கப் பரவிய பழக்கம் ஒன்று உண்டு: 30 நாளில் 50,000 சொற்கள். நாளுக்கு 1,667 வருகிறது. வேலைக்கும் போய்க்கொண்டு அவ்வளவு எழுத முடியாது என்று, பாதிக்கும் கொஞ்சம் குறைவாக, 800 என்று வைத்துக்கொண்டேன்.

எட்டு நாள் ஒழுங்காகப் போனது. ஒன்பதாம் நாள் 760-ல் நின்றது, நேரமும் ஆகிவிட்டது. அப்போது நான் செய்த காரியம் நோட்டில் அப்படியே பதிவாகியிருக்கிறது. "வந்துகொண்டிருந்தான்" என்று இருந்ததை "வந்து கொண்டு இருந்தான்" என்று பிரித்தேன். ஒரு சொல் மூன்றாகிவிட்டது. "போகவேண்டியிருந்ததால்" என்பதையும் உடைத்தேன். பத்து நிமிடத்தில் 800 வந்துவிட்டது, கதை ஓர் அடிகூட நகரவில்லை. மறுநாள் அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கே கஷ்டமாக இருந்தது. வாக்கியங்கள் எல்லாம் மூச்சு வாங்கி நின்று நின்று நடந்தன.

சொல் கணக்கு தமிழுக்கு எவ்வளவு பொருந்தாத அளவுகோல் என்று அன்றுதான் உறைத்தது. "போகவேண்டியிருந்ததால்" என்று ஒரே சொல்லில் நாம் முடிப்பதை ஆங்கிலத்தில் சொல்ல ஐந்து சொற்கள் வேண்டும். அந்த மொழியில் எழுதுகிறவர்கள் தங்களுக்கு வகுத்துக்கொண்ட எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால், நாம் அதே கதையை எழுதிவிட்டும் பின்தங்கியதாக நினைத்துச் சோர்ந்துபோவோம். ஜப்பானியத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளியே கிடையாது. அங்கே 400 கட்டங்கள் போட்ட கையெழுத்துத் தாளைக் கொண்டுதான் எழுத்தின் அளவைச் சொல்கிறார்கள். ஹாருகி முரகாமி நாவல் எழுதும் காலங்களில் நாளுக்கு அப்படிப் பத்துத் தாள் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். தங்கள் மொழிக்குத் தோதான அளவு அவர்களிடம் இருக்கிறது. எனக்கும் ஒன்று வேண்டும் என்று நினைத்தேன். அதுவரை கணினியில் எழுதிவந்த கதையை நோட்டிலேயே கையால் எழுதத் தொடங்கியது அப்படித்தான்.

பிப்ரவரியில் சொல்லை விட்டுவிட்டு நேரத்தை எண்ணினேன். இதற்கு முன்னோடி 19-ம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ராலப். அஞ்சல் துறையில் பல வருடம் வேலை பார்த்துக்கொண்டே, காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 சொல் வீதம் எழுதியவர். மொத்தம் 47 நாவல்கள். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வேகத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு உதவியது அவர் தன் சுயசரிதையில் சொல்லும் இன்னொரு விஷயம்: தினமும் முதல் அரை மணி நேரம் முந்தின நாள் எழுதியதைப் படிப்பதற்கே போய்விடுமாம். வேகம் எங்கிருந்து வந்தது என்று அதில் தெரிகிறது. அவர் எந்தக் காலையிலும் வெறும் தாளிலிருந்து தொடங்கவில்லை.

அவரைப்போலத் தினமும் மூன்று மணி நேரம் எனக்குக் கிடைக்காது. 40 நிமிடம் என்று வைத்தேன். பத்து நிமிடம் நேற்றையதை வாய்விட்டுப் படிப்பது, முப்பது நிமிடம் எழுதுவது. காலை 5:40-க்குத் தொடங்கி 6:20-க்கு நிறுத்தம். இடையே போன் வேறு அறையில் இருக்கும். நாள்களைத் தொடர்ச்சியாகக் கணக்குப்போடும் செயலி ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். அதில் எண் ஏறுவதைப் பார்ப்பதிலேயே மனசு போனதால் இரண்டு வாரத்தில் எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி கடைசியில் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் ஆறு நாள் உட்காரவே முடியவில்லை. முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் என் எழுத்து நின்றுபோகும். இரண்டு நாள் விட்டாலே "சரி, இந்த வருடமும் அவ்வளவுதான்" என்று தோன்றிவிடும். இந்த முறை காப்பாற்றியது, 2009-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தது. 96 பேரை 12 வாரம் கவனித்திருக்கிறார்கள். ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணக்குப்போட்டுச் சொன்ன மதிப்பீடு). நடுவே ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. அவர்கள் பார்த்தது தண்ணீர் குடிப்பது, கொஞ்ச தூரம் ஓடுவது மாதிரியான எளிய காரியங்கள்; கதை எழுதுவது அவ்வளவு எளிதில்லை. இருந்தாலும் விட்ட நாள் எல்லாவற்றையும் அழித்துவிடாது என்ற ஒன்று போதுமானதாக இருந்தது. ஏழாம் நாள் உட்கார்ந்தேன். ஆறு நாளையும் ஈடுகட்ட முயலவில்லை. அன்றைய 40 நிமிடம் மட்டும்.

இப்போது மார்ச். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் கிட்டத்தட்டக் கைவிட்டேன்.

நேரம் தவறாமல் உட்கார்ந்தேன், எழுதினேன். நோட்டில் டிக் டிக்காக விழுந்திருக்கிறது. ஆனால் மார்ச் 19 அன்று ஓரத்தில் "பிடிக்கவில்லை" என்று ஒரே ஒரு சொல் இருக்கிறது. 22-ம் தேதியும் அதே. கதை இதுதான்: கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு அப்பா. பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. கூடவே உட்கார்ந்திருக்கும் மகளுக்கு அது தெரியும், சொல்லவில்லை. கதைக்கரு மனசில் விழுந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்படிப்பட்ட கதை எப்படி ஒரு மாதத்தில் பிடிக்காமல் போனது?

நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. இருபத்துச் சொச்சம் காலைகளில் முதல் பக்கத்தையே பதினோரு முறை எழுதியிருக்கிறேன். முதல் வடிவம் "மாலைச் சூரியன் மெல்ல மறைந்துகொண்டிருந்தது" என்று தொடங்கியது. ஆறாவது வடிவத்தில் சூரியன் "செந்நிறம் பூசி" மறைந்தது. பதினோராவதிலும் சூரியன் மறைந்துகொண்டேதான் இருந்தது. அப்பா இன்னும் அறைக்குள் வரவில்லை. நேரத்தை எண்ணினேனே தவிர, கதை எங்கே நிற்கிறது என்று கேட்கவில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்த அந்த இரண்டு பேரை நான் ஒரு மாதமாகச் சந்திக்கவே இல்லை. பிறகு எங்கிருந்து ஆசை வரும்!

எனக்குள் இன்னொரு பழைய நம்பிக்கையும் இருந்தது. 1912 செப்டம்பர் 22 அன்று இரவு பத்து மணிக்கு உட்கார்ந்த ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்கா, காலை ஆறு மணிக்குள் ஒரு கதையை முழுக்க எழுதி முடித்தார் என்று அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. கல்லூரிக் காலத்தில் அதைப் படித்ததிலிருந்து, உண்மையான வேட்கை என்றால் அப்படி ஒரே மூச்சில் கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் நமக்கு அது இல்லை என்றே நினைத்திருந்தேன். அந்த இரவுக்கு முன்னால் பல வருடங்கள் அவர் நாட்குறிப்பில் பாதிக் கதைகளாக, துண்டு துண்டாக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இப்போது நான் வேட்கை என்று சொல்வது அந்த வேகத்தை அல்ல. ஒரு மனிதரைப் பற்றித் தெரிந்தே ஆக வேண்டும் என்ற அரிப்பு. அது இருந்தால் காலையில் எழுந்திருக்க அலாரம்கூடத் தேவைப்படுவதில்லை.

ஏப்ரல் 1 முதல் இரண்டு மாற்றம் செய்தேன். ஒன்று, எண்ணுவது காட்சி. இந்த வாரம் ஒரு காட்சி, தொடக்கத்திலிருந்து கடைசி வரை, எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும். முடியும் வரை பின்னால் போய்த் திருத்தக் கூடாது. நோட்டில் எழுதுவது இதற்கு நல்லது, அடித்தால் அசிங்கமாகத் தெரியும், அதனால் கை முன்னால்தான் போகும். இரண்டு, 6:20-க்கு எழுந்திருக்கும் முன் அந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்கே பதில் தெரியாத ஒரு கேள்வியைப் பக்கத்தின் அடியில் எழுதி வைப்பது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைக்கு நிறுத்திக்கொள் என்பது அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே சொல்லும் யோசனை. அதைச் செய்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த இடத்தில் நிறுத்துவதைவிடத் தெரியாத கேள்வியில் நிறுத்துவது நன்றாக வேலை செய்தது.

ஏப்ரல் 4-ன் கேள்வி: "மகளுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியுமா?"

அந்தக் கேள்வி என்னோடு பேருந்தில் வந்தது, அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தது. இரவு பல் துலக்கும்போது பதில் கிடைத்தது. மறுநாள் காலையில் எழுதிய வரிகள் இவை:

அப்பா மூன்றாவது முறையாக அதே திருகாணியைத் தேடினார். அது அவர் விரலுக்கு அரை அங்குலம் தள்ளிதான் கிடந்தது. பிறகு கடிகாரத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "இதை நீ மாட்டும்மா. என் கை பெருசா இருக்கு."

அவருடைய கை பெரிதல்ல. அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அந்த ஒரு பொய்யில் எனக்குக் கதை கிடைத்துவிட்டது. மறைந்துகொண்டிருந்த சூரியனை முழுதாக எடுத்துவிட்டு, திருகாணியிலிருந்தே கதையைத் தொடங்கினேன். ஐந்து காட்சி, ஐந்து வாரம். மே 6 அன்று கடைசி வரியை எழுதிவிட்டு, அடியில் தேதி போட்டபோது கை நடுங்கியது. பத்து வருடத்தில் முதல் முறை.

இரண்டாவது கதை ஜூனில் சீக்கிரமே முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நல்ல கதையும் இல்லை. ஆனால் முடிந்த கதை. முடித்த பிறகுதான் அதில் என்ன இல்லை என்று பார்க்க முடிந்தது.

பிரசுரம் பற்றி. ஜனவரி நோட்டில் "இரண்டு கதையாவது பத்திரிகையில் வர வேண்டும்" என்றும் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு "முடித்த கதையை மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்" என்று மாற்றினேன். வருவது ஆசிரியர் கையில், அனுப்புவது என் கையில். இந்த மாற்றம் மனசுக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லி முடியாது. தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் மூன்றாவது கதைக்குப் போனது. கடிகாரக் கதையை மே கடைசியில் ஒரு இதழுக்கு அனுப்பினேன், இன்றுவரை பதில் இல்லை. இரண்டாவது கதையை ஜூன் 30 அன்று வேறொரு இதழுக்கு அனுப்பினேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது, கூடவே ஒரு வரி: "முடிவு அவசரமாக இருக்கிறது."

வலித்தது. இரண்டு நாள் நோட்டைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்துப் படித்தேன். அவர்கள் சொன்னது சரி. கடைசி இரண்டு பக்கத்தை ஜூன் 29 இரவு எழுதியிருக்கிறேன், மறுநாள் அனுப்ப வேண்டுமே என்று. என் கையில் இருந்த இலக்குதான், ஆனால் அது கதையைவிடப் பெரிதாகிவிட்டது. அதனால் இப்போது கெடு என்பது முதல் வரைவுக்கு மட்டும். முதல் வரைவு முடிந்ததும் இரண்டு வாரம் நோட்டை மூடி வைக்கிறேன், அதற்குள் வேறு கதை. திறந்து படித்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, எங்கும் நாக்கு இடறவில்லை என்றால்தான் அனுப்புவது. ஜூலையில் முடித்த மூன்றாவது கதை இப்படித்தான் மூடிக்கிடந்து, போன வாரம் வெளியே வந்தது.

ஜூலை நடுவில் நெருங்கிய தோழி ஒருத்திக்குக் கடிகாரக் கதையைப் படித்துக் காட்டினேன். எழுதுகிறவள் இல்லை, நிறையப் படிப்பாள். முழுக்கக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் "அந்தப் பொண்ணோட அம்மா எங்கே?" என்று கேட்டாள்.

கதையில் அம்மா இல்லை. இல்லை என்றே நான் கவனித்திருக்கவில்லை. அவள் போன பிறகு நோட்டை எடுத்து அந்தக் கேள்வியை அப்படியே எழுதினேன். நான்காவது கதை அதிலிருந்து தொடங்கியது. இப்போது மூன்று காட்சி முடிந்திருக்கிறது. அம்மா இன்னொரு ஊரில் இருக்கிறாள், அவள் கையில் ஓடாத ஒரு கடிகாரம். நேரம் பார்ப்பவள்போல அடிக்கடி அதைப் பார்க்கிறாள்.

இன்று காலை 6:20-க்குப் பக்கத்தின் அடியில் எழுதி வைத்த கேள்வி: "அதை ஏன் அவள் அவரிடமே பழுது பார்க்கக் கொடுக்கவில்லை?" பதில் இன்னும் வரவில்லை.