மகளின் மூட்டுகளோடு மூன்று ஆண்டுகள்

என் மகளுக்கு ஐந்து வயது நடந்தபோது விரல் கணுக்கள் புடைக்கத் தொடங்கின. சிறார் முடக்குவாதம் என்று கருதி, ஓராண்டுக்கும் மேலாக ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்சேட்டும் கொடுத்தார்கள். வீக்கம் குறையவில்லை, ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் அளவுகளான ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் ஒருமுறைகூட உயர்ந்திருக்கவுமில்லை. அழற்சியே இல்லாத குழந்தைக்கு அழற்சிக்கான மருந்து எதற்கு என்று கேட்டவர், பிறகு நாங்கள் பார்த்த வேறொரு மருத்துவர். அவர் எடுக்கச் சொன்ன எக்ஸ்ரேயில் முள்ளெலும்புகள் தட்டையாகத் தெரிந்தன. சிசிஎன்6 மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் பிழை இருப்பதை மரபணுப் பரிசோதனை உறுதி செய்தது. நோயின் பெயர் புரோகிரசிவ் சூடோருமட்டாய்டு டிஸ்பிளேசியா; முடக்குவாதம் போலத் தெரிந்தாலும், மூட்டுகளின் குருத்தெலும்பு மெல்ல மெல்லச் சிதையும் மரபுநோய் இது. எனக்கும் என் கணவருக்கும் ஆளுக்கொரு பழுதான பிரதி இருந்திருக்கிறது. எங்களுக்கு எந்த அறிகுறியும் கிடையாது, ஆனால் எங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு.

குருத்தெலும்பு சிதைவதைத் தடுக்கும் மருந்து இதற்கு இல்லை. ஆகவே மறுவாழ்வுச் சிகிச்சையையே நம்பினோம், அதில் முதல் தவற்றைச் செய்தவளும் நான்தான். மடங்கிய விரல்களைத் தினமும் வலிந்து நீட்டிவிட்டேன், அவள் அழுதாள். எலும்பு முனைகளே பருத்துப்போன மூட்டை இழுத்தால் வலிதான் மிஞ்சும் என்று இயன்முறை மருத்துவர் என் கையை மெல்ல விலக்கியது இன்றும் நினைவில் நிற்கிறது. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி நீடித்தால் மறுநாள் பயிற்சியைக் குறைக்க வேண்டும் என்பது அவர் கற்றுத்தந்த அளவுகோல். இடுப்பு மூட்டு மடங்கி இறுகாமலிருக்கக் குப்புறப் படுக்க வைத்தோம்; குதிப்பதைத் தவிர்த்து நீச்சலுக்கு அனுப்பினோம். விரல்கள் மடங்காமல் தாங்கிப் பிடிக்க இரவில் கட்டிய ஸ்பிளின்ட் பட்டையை அவள் கழற்றி எறிந்துகொண்டே இருந்ததால், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றிக்கொண்டோம்.

கை வேலைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், மூட்டின் அசைவை அளக்கும் கோணமானியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, "நீயே செய்யணும்னு எதை ஆசைப்படுறே?" என்று மகளிடம் கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் அவளிடம் கேட்டதில்லை. சட்டைப் பொத்தான் என்றாள். அவள் முகவாயால் துணியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, நுனிவிரல் மடங்காததால் கட்டைவிரலின் பக்கவாட்டால் பொத்தானை ஓட்டைக்குள் தள்ள முயல்வதை அவர் குறுக்கிடாமல் பார்த்தார். பெரிய பொத்தான், சற்று அகலமான ஓட்டை, தடித்த பென்சில், பாதம் ஊன்றும் உயரத்தில் நாற்காலி என ஒவ்வொன்றாக மாற்றினோம். பள்ளியில் தரைத்தள வகுப்பும் தேர்வில் கூடுதல் நேரமும் பெறுவதற்குத்தான் அதிகம் நடக்க வேண்டியிருந்தது; மருத்துவரின் கடிதத்தோடு நான்காம் முறை போனபோது கிடைத்தது.

இந்த ஆண்டு அளந்ததில் இடுப்பின் அசைவு முன்பைவிடக் குறைந்திருந்தது. அன்று வீடு திரும்பி நெடுநேரம் அழுதேன். அதே மாதத்தில்தான் அவள் ஆறு பொத்தான்களையும் தானே போட்டுக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டாள். அடுத்ததாகத் தலையைத் தானே வாரிக்கொள்ள வேண்டுமாம். தோள் எவ்வளவு உயர்கிறது என்று பார்த்துவிட்டு, நீண்ட பிடியுள்ள சீப்பிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.