ஆச்சி கேட்ட ஒரு பெயர்: மெஞ்ஞானபுரம் முதல் டோனாவூர் வரை

காலையில்தான் கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். தூங்கி எழுந்தால் பாதி மறந்துவிடும் என்பதால் குளித்துவிட்டு நேராக எழுத உட்கார்ந்துவிட்டேன். போகும் வழி, தங்கும் இடம், செலவு என்று வரிசையாகத்தான் எழுத நினைத்தேன். ஆனால் வெள்ளாளன்விளை என்ற ஊரைத் தாண்டி மனசு நகர மறுக்கிறது.

முதலில் ஏன் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு மிஷனெரி ஞாயிறு. வெளியிலிருந்து ஒருவர் வந்து படங்கள் காட்டிப் பேசுவார், சிலர் அழுவார்கள், வாலிபர்கள் கை தூக்குவார்கள், காணிக்கைக் கவர் நிரம்பும். இரண்டு வாரத்தில் எல்லாம் அடங்கிவிடும். சபைக்கு மிஷனெரி பாரம், அதாவது ஊழியத்தை நினைத்து மனசில் உறுத்துகிற அக்கறை, வரவில்லையே என்று கமிட்டி கூடும், அடுத்த வருஷம் இன்னும் நன்றாகப் பேசுகிற ஒருவரைத் தேடும். எனக்கு இது அலுத்துவிட்டது. அழ வைத்து வருகிற பாரம் தங்காது என்பது என் தீர்மானமான கருத்து. அதனால் இந்தத் தடவை வாலிபர் ஐக்கியத்தில் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு நெல்லைப் பக்கம் போய்வரலாம் என்றேன். "அது சுற்றுலாதானே" என்றார் ஒரு பெரியவர். அவர் அப்படிக் கேட்டதிலும் நியாயம் இருந்தது, அந்தப் பயத்தோடுதான் கிளம்பினேன்.

எங்கள் ஏழு பேரோடு ஓர் அக்காவும் நானுமாக ஒன்பது பேர். தலைக்கு 3,000 ரூபாய். அதில் இரண்டு பேருக்கு வேறு ஆட்கள் பணம் கட்டினார்கள். ரயிலில் போய் சனிக்கிழமை காலை திருநெல்வேலியில் இறங்கினோம். இரண்டு நாள் வேன் வாடகை, டீசலோடு சேர்த்து 8,000 என்று போனில் பேசியிருந்தேன். இந்த 8,000-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

பாளையங்கோட்டையில் ஊசிக் கோபுரம், குளோரிந்தா கோயில் என்ற இரண்டு பழைய சர்ச்சுகளைப் பார்த்தோம் (நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்). வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில் எதிலும் மனசு ஒட்டவில்லை. சாத்தான்குளம் பக்கம் மண் சிவக்கச் சிவக்கத்தான் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். இருபுறமும் பனை, நடுவில் தேரி என்கிற செம்மணல். அந்தப் பனைகளுக்கு மேலே 192 அடி உயரத்தில் மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் தெரிந்ததும் வேனுக்குள் சத்தம் நின்றுவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கோயில். இந்த மணல்காட்டில் இவ்வளவு கல்லை எப்படிக் கொண்டு வந்தார்கள் என்று ஒரு பையன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அங்கிருந்து வெள்ளாளன்விளை பக்கம்தான். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் பிறந்த ஊர். அப்பா அந்த ஊர்ச் சபையின் குருவானவர். பிற்பாடு 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். இதெல்லாம் ஓய்வுநாள் பள்ளியில் படித்ததுதான். நான் வேனில் சொன்னது வேறு கதை. 1902-இல் அசரியா யாழ்ப்பாணத்துக்குப் போகிறார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து, தங்கள் ஆட்களையே மிஷனெரிகளாக அனுப்பி வைப்பதைப் பார்க்கிறார். நம் திருநெல்வேலிச் சபைகள் அளவில் எவ்வளவு பெரியவை, நாம் யாரை அனுப்பினோம் என்ற கேள்வி அவரை விடவில்லை. ஊர் திரும்பி நண்பர்களோடு பேசுகிறார். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறக்கிறது. 1909-இல் அவரே குடும்பத்தோடு தெலுங்கு நாட்டுக்கு, தோர்ணக்கல்லுக்கு மிஷனெரியாகக் கிளம்புகிறார். அவரைக் கிளப்பிவிட்டது ஒரு பயணத்தில் கண்ணால் பார்த்த காட்சி. நான் இந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியதற்கும் காரணம் அதுதான்.

கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு நிழலுக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம். "எய்யா, எங்கேயிருந்து வாறிய?" என்று ஓர் ஆச்சி வெளியே வந்தார். சென்னை என்றோம். பேரன் பேத்தி மாதிரி உட்கார வைத்து மோர் கொடுத்தார். உள்ளே அடுப்படியில் ஒரு டப்பா இருந்தது, கைப்பிடி அரிசி டப்பா. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை அதில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவாராம். மாசக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும், ஏலம் போட்ட காசு ஊழியத்துக்குப் போகும். இது பல சபைகளில் உள்ள வழக்கம், எனக்குப் புதிதில்லை. புதிதாக இருந்தது அவருடைய நோட்டு. நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் மிஷனெரிக் குடும்பங்களின் பெயர்கள், ஒவ்வொரு பிள்ளையும் எந்த வகுப்பு, யாருக்கு என்ன சுகவீனம். ஒரு பெயருக்குப் பக்கத்தில் "பரீட்சை" என்று எழுதி அடித்திருந்தது. அந்தப் பிள்ளை தேர்ச்சி பெற்றுவிட்டதாம்.

அப்புறம் கேட்டார். "உங்க சபையில யாரைத் தாங்குதிய? அவங்க பேரு என்ன? நானும் எழுதிக்கிடுதேன்."

ஒடிசாவில் ஒரு குடும்பத்துக்கு எங்கள் சபை மாதாமாதம் பணம் அனுப்புகிறது. ஆறு வருஷமாக அனுப்புகிறது. எங்கள் வாலிபர் ஏழு பேரில் ஒருவருக்கும் அவர்கள் பெயர் தெரியவில்லை. எனக்கு அங்கே மிஷனெரியாக இருக்கிற அண்ணன் பெயர் தெரியும், அவர் மனைவி பெயர் தெரியவில்லை. பிள்ளைகள் எத்தனை பேர் என்றுகூடத் தெரியவில்லை. நான் மிஷனெரிக் கமிட்டியில் இருக்கிறேன். ஆச்சி பென்சிலைப் பிடித்தபடியே எங்கள் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு, கீழே நாலு வரி இடம் விட்டார்.

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்த நாலு வரி வெற்றிடம் மாதிரி எதுவும் என்னைக் குத்தியதில்லை. பாரம் வரவில்லை, பாரம் வரவில்லை என்கிறோமே, பெயர் தெரியாத ஆளுக்காக யாருக்கு எப்படிப் பாரம் வரும்? 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா வெளிநாட்டு மிஷனெரிகளைப் பார்த்து, நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். ஒடிசாவில் இருக்கிற அந்த அண்ணனும் எங்களைப் பார்த்து அதையே கேட்கலாம்.

ஞாயிறு காலை இடையன்குடி ஆராதனை. மிஷனெரியும் தமிழறிஞருமான கால்டுவெல் 1841-இல் வந்து சேர்ந்த ஊர். சென்னையிலிருந்து நடந்தே வந்தார். இந்தக் கோயிலைக் கட்டி முடிக்க 33 வருஷம், 1847-இல் தொடங்கி 1880-இல் பிரதிஷ்டை. வருஷா வருஷம் ரிப்போர்ட்டில் எத்தனை ஆத்துமா என்று எண்ணிக்கை கேட்கிற நம் ஆட்கள் இங்கே வந்து கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பக்கத்து ஊர்ச் சபையில் அசனம் என்கிற ஊர்ப் பொதுவிருந்து, வந்தே ஆக வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பணம் அப்படியே மிச்சம்! ஓலைப்பாயில் மலை மாதிரிச் சோறு குவித்திருந்தார்கள். அண்டாவில் ஆட்டுக்கறிக் குழம்பு. நல்லெண்ணெய் மிதக்க, மிளகு தூக்கலாக, எலும்போடு வெந்து கரைந்த குழம்பு. சென்னையில் எந்த ஹோட்டலிலும் நான் இப்படிச் சாப்பிட்டதில்லை. மூன்று தடவை வாங்கினேன். அதைவிட முக்கியமானது, யார் என்ன சாதி, எந்த மதம் என்று கேட்காமல் ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. எங்கள் டிரைவரும் உட்கார்ந்தார். அவர் கிறிஸ்தவர் இல்லை. "வருஷா வருஷம் இப்படியா போடுவாங்க?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

அதனாலோ என்னவோ, டோனாவூரில் அவரும் எங்களோடு உள்ளே வந்தார். முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தோம், அது அவசியம். மலை அடிவாரம், மரங்கள், அமைதி. இங்கே குழந்தைகள் இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியா வந்தவர், 1951-இல் இறக்கும்வரை ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. கல்லறையில் கல் வேண்டாம் என்றதால் பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றைத்தான் அவர் வளர்த்த பிள்ளைகள் வைத்தார்கள். "இந்தம்மா எந்த ஊரு? எதுக்கு இங்க வந்தாங்க?" என்று டிரைவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் எங்கள் கூட்டத்திலேயே அதிகம் பேசாத பையன் பதில் சொல்ல ஆரம்பித்தான். அந்தக் காலத்தில் இந்துக் கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண் குழந்தைகளைப் பற்றி, இயேசு அவர்களை நேசிக்கிறார் என்று நம்பி அவர் வந்ததைப் பற்றி, அதையே தானும் நம்புவதைப் பற்றி. குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. அசரியா ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் கை வைத்து, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று சொல்ல வைப்பாராம். பையன் யார் சொல்லியும் பேசவில்லை, கேட்டவருக்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அரை மணி நேரம் கழித்து வள்ளியூரில் இறக்கிவிடும்போது அதே டிரைவர் 2,600 ரூபாய் கூடுதலாகக் கேட்டார். டோனாவூர் பேச்சிலேயே இல்லையாம். இருந்தது, நான் சொன்னேன், ஆனால் போனில் சொன்னதற்கு என்ன சாட்சி? எனக்குக் கோபம் தலைக்கேறியது, குரலும் ஏறியது. பையன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். குரலை இறக்கி, 1,500 கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பினேன். ஏமாற்றுதான், அதில் சந்தேகம் இல்லை. நீங்கள் போவதானால் போகிற ஊர் ஒவ்வொன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, பதில் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்ப ரயிலில் இடம் இல்லை. ஆம்னி பஸ்ஸில் தலைக்கு 950. ஏசி மதுரைக்கு முன்பே நின்றுவிட்டது, ஜன்னல் திறக்காது, என் சீட் சாயாது. பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்றால், அதெல்லாம் ஆபீஸில் கேளுங்கள் என்றார்கள். மூச்சு முட்டிய அந்த இருட்டில் பின் சீட்டில் ஒரு செல்போன் வெளிச்சம். எங்கள் பெண் ஒருத்தி வள்ளியூரில் பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கியிருக்கிறாள். சபைச் செயலாளருக்கு மெசேஜ் போட்டு, ஒடிசாக் குடும்பத்தின் நம்பரை வாங்கி, அந்த அண்ணன் மனைவியிடமே கேட்டுவிட்டாள். மூன்று பிள்ளைகள். பெரியவன் ஒன்பதாம் வகுப்பு, அடுத்தவள் ஆறாம் வகுப்பு, கடைக்குட்டி இரண்டாம் வகுப்பு, அவனுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். ஏழு பேரும் நோட்டைக் கை மாற்றிக் கை மாற்றி எழுதிக்கொண்டார்கள்.

ஆச்சி வீட்டு முகவரி என்னிடம் இருக்கிறது. மீதி நாலு பெயரையும் எழுதி நாளைக்குத் தபாலில் போட வேண்டும்.