தங்கமீன் மறந்த பாடம்

நினைவாற்றல் பற்றிப் படித்ததில் என்னை அதிகம் உலுக்கியது, 1960களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் அக்ரனாஃப் தங்கமீன்களை வைத்துச் செய்த சோதனைதான். தொட்டியின் நடுவில் ஒரு தடுப்பு. விளக்கு எரிந்து கொஞ்ச நேரத்தில் ஷாக் அடிக்கும், அதற்குள் மீன் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட வேண்டும். மீன்கள் நன்றாகவே கற்றுக்கொண்டன. ஆனால் பயிற்சி முடிந்த கையோடு, புரதம் உருவாவதைத் தடுக்கும் பியூரோமைசினை மண்டைக்குள் ஊசியால் செலுத்தினால், சில நாள் கழித்துப் பாடம் மறந்துபோயிருந்தது. அதையே ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. பயிற்சிக்கு முன்பே கொடுத்தாலும் மீன் அன்றைக்குக் கற்கத்தான் செய்தது, மனதில் தங்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஏன் இப்படி? நரம்பணுக்களின் இணைப்பு கொஞ்ச நேரம் வலுப்பெற, ஏற்கெனவே இருக்கிற புரதங்களில் சிறு மாற்றம் போதும். அது நாள்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் மரபணுக்கள் இயங்கி, புதுப் புரதம் உருவாகி, புது இணைப்புகளே முளைக்க வேண்டும். நரம்பியல் ஆய்வாளர் எரிக் காண்டெல் இதைக் கடல் நத்தையில் காட்டினார்.

அப்புறம் 2000இல் கரீம் நாடெர் குழு, எலிகளின் பழைய பயத்தை நினைவூட்டிவிட்டு உடனே மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா பகுதியில், புரதம் உருவாவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான அனிசோமைசினைச் செலுத்தியபோது, அந்தப் பயமே குறைந்துபோனது. நினைத்துப் பார்த்தபின் திரும்பப் பதியவும் புரதம் வேண்டும் போல! அதிர்ச்சி நினைவுகளால் அவதிப்படுகிறவர்களுக்கு இதே வழியில் ப்ரோப்ரனோலால் என்ற ரத்த அழுத்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். முடிவுகள் இன்னும் கலவையாகத்தான் இருக்கின்றன.