ஆப்ஷன்களைப் படிக்கும் அந்த முப்பது வரிகள்

சி நிரல் ஒன்றைப் பரிசீலனைக்கு எடுத்தால் எல்லோரும் நேராக அல்காரிதம் இருக்கும் இடத்துக்குப் போய்விடுவார்கள். மெயின் ஃபங்ஷனின் தொடக்கத்தில், கட்டளைவரியில் வந்த ஆப்ஷன்களைப் படிக்கும் முப்பது நாற்பது வரிகளை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் வெளியுலகம் அந்த நிரலைத் தொடுவது அங்கேதான். அந்த வரிகள் எதைத் தெரியாமல் அனுமதித்தாலும், யாரோ ஒருவருடைய கிரான் வரி (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) அதை நம்பத் தொடங்கிவிடும். பிறகு திருத்தினால், உடைத்துவிட்டதாக நமக்குத்தான் புகார் வரும்.

எடுத்துக்காட்டுக்கு பதிவுக் (லாக்) கோப்புகளை மாற்றும் ஒரு சின்ன நிரல் என்று வைத்துக்கொள்வோம். விவரமாகப் பேச -வி, வெளியீட்டுக் கோப்புக்கு -ஓ, எத்தனை வரி என்பதற்கு -என். இதற்கே இவ்வளவு சிக்கலா என்று தோன்றலாம்.

முதலில் ஆர்க்சி, அதாவது கட்டளைவரியில் வந்த சொற்களின் எண்ணிக்கை; அந்தச் சொற்களின் பட்டியல் ஆர்க்வி. ஆர்க்சி எப்போதும் குறைந்தது ஒன்று, ஆர்க்வியின் பூஜ்யமாவது இடத்தில் நிரலின் பெயர் இருக்கும் என்பது பழக்கமே தவிர உத்தரவாதமல்ல. ஆர்க்வியின் கடைசி உறுப்பு நல் (வெற்றுச் சுட்டி) என்பதற்கு மட்டுமே சி தரநிலை உறுதி தருகிறது. நிரலை ஓட்டத் தொடங்கும் எக்செக்விஇ அழைப்பில் வெற்றுப் பட்டியலை அனுப்பினால் ஆர்க்சி பூஜ்யமாகிவிடும். வேறொரு பயனரின் உரிமையில் கட்டளையை ஓட்டும் பிகேஎக்செக் நிரலில் 2022 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஓட்டை இதிலிருந்துதான் பிறந்தது. அதன் ஆப்ஷன் சுற்று (லூப்) எண் 1இலிருந்து தொடங்கியது. ஆர்க்சி பூஜ்யம் என்பதால் சுற்று ஒருமுறைகூட ஓடவில்லை. அதன்பின் ஆர்க்வி 1ஐப் படித்தபோது கைக்கு வந்தது சூழல் மாறிகளின் முதல் உறுப்பு. ரூட் உரிமையுடன் ஓடும் நிரலில் 2009 முதல் அந்த வரி யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. லினக்ஸ் கெர்னல் 5.18 முதல் வெற்றுப் பட்டியலின் இடத்தில் ஒரு வெற்றுச் சரத்தை வைத்துவிடுகிறது. ஆனால் பழைய கெர்னல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தொடக்கத்தில் ஆர்க்சி 1ஐவிடக் குறைவா என்று பார்க்க ஒரு வரி போதும்.

சரங்களை ஒப்பிடும் எஸ்டிஆர்சிஎம்பி வரிசையைக் கையால் எழுதுவதைவிட, ஆப்ஷன்களைப் படிக்கவே உள்ள நூலக ஃபங்ஷனான கெட்ஆப்ட் நல்லது. -வி -ஓ என்று தனித்தனியாகவும் -விஓ என்று சேர்த்தும் எழுதலாம், மதிப்பை ஒட்டியும் விலக்கியும் தரலாம், '--' வந்தால் நிறுத்த வேண்டும் என்ற விதிகள் எல்லாம் அதற்குத் தெரியும். ஆப்ஷன் சரத்தில் எழுத்துகளை அடுக்கி, மதிப்பு தேவைப்படும் எழுத்தின் பின் ஒரு முக்காற்புள்ளி வைக்க வேண்டும். சரத்தின் தொடக்கத்திலும் ஒரு முக்காற்புள்ளி வைப்பதே எங்கள் பழக்கம். அப்போது கெட்ஆப்ட் தானாகப் பிழைச் செய்தி அச்சிடாது. மதிப்பு விடுபட்டால் ':' திரும்பும், தெரியாத ஆப்ஷன் என்றால் '?' திரும்பும். இரண்டுக்கும் தனித்தனியாக உருப்படியான செய்தி எழுத முடியும்.

அடிக்கடி கண்ணில் படும் பிழை, கெட்ஆப்ட் தரும் மதிப்பை சார் வகை மாறியில் வாங்குவது. எக்ஸ்86இல் சார் குறியுடையது (எதிர்மறை எண்ணையும் ஏற்கும்). அதனால் ஆப்ஷன்கள் முடிந்ததும் கெட்ஆப்ட் தரும் -1 அப்படியே -1ஆக இருக்கும், சுற்று முடியும். ஆர்ம் லினக்ஸில் சார் குறியற்றது. -1 அங்கே 255 ஆகிவிடும், சுற்று முடியவே முடியாது. மேசைக் கணினியில் மாதக்கணக்கில் ஓடிய நிரல் ராஸ்பெர்ரி பையில் தொங்குவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மாறி இன்ட் (முழு எண் வகை) ஆக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால், சார் வகையைக் குறியற்றதாக்கும் கம்பைலர் கொடியைப் போட்டு எக்ஸ்86இலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

கெட்ஆப்ட் காப்பாற்றாத இடமும் உண்டு. பயனர் '-ஓ -வி' என்று கோப்புப் பெயரை மறந்து எழுதினால், அது பிழை என்று சொல்லாது. மதிப்பு தேவை என்று நாம் சொல்லியிருக்கிறோம், அடுத்து வந்ததை எடுத்துக்கொள்ளும். '-வி' என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாகும். இதைத் தடுக்க, கோடில் தொடங்கும் மதிப்பை எல்லாம் மறுக்கும் சோதனையைச் சிலர் சேர்ப்பார்கள். நாங்கள் அதைச் செய்யச் சொல்வதில்லை. '-என் -5' என்பது நியாயமான உள்ளீடாக இருக்கலாம், '-ஓ -' என்றால் நேர் வெளியீடு (வழக்கமாகத் திரைக்குப் போவது) என்ற மரபும் உண்டு. எந்த ஆப்ஷனுக்கு எது பொருந்தாதோ அதை அந்த ஆப்ஷனின் பிரிவிலேயே சரிபார்ப்பது நல்லது.

வரிசைப் பிரச்சினை இதைவிட ஆழமானது. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான தரநிலையான போசிக்ஸின் விதிப்படி ஆப்ஷன் அல்லாத முதல் சொல் வந்ததும் கெட்ஆப்ட் நின்றுவிட வேண்டும். லினக்ஸில் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சி அப்படி நிற்காது. ஆர்க்வியையே கலைத்து அடுக்கி, கோப்புப் பெயருக்குப் பின்னால் வரும் -வியையும் பொறுக்கி எடுக்கும். பயனருக்கு வசதிதான். ஆனால் அதே நிரலை மஸல் என்ற வேறு சி நூலகம் உள்ள ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னரிலோ மேக்கிலோ கம்பைல் செய்தால், கோப்புப் பெயருக்குப் பின் எழுதிய -வி இன்னொரு கோப்பாகக் கருதப்படும், 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்ற செய்தி வரும். '--' உடன் தொடங்கும் நீள ஆப்ஷன்களையும் படிக்கும் கெட்ஆப்ட்_லாங்குக்கு மாறினால் அங்கும் கலைத்து அடுக்கும். அதாவது ஒரே நூலகத்தில் இரண்டு ஃபங்ஷன்கள் இரண்டு விதமாக நடக்கின்றன.

வேறொரு கட்டளையை உள்ளே வைத்து ஓட்டும் நிரல் என்றால் இது வெறும் வசதி விஷயமல்ல. 'டைம்அவுட் 5 எல்எஸ் -எல்' (எல்எஸ் கட்டளைக்கு ஐந்து நொடி வரம்பு வைத்து ஓட்டுவது) என்பதில் -எல் யாருக்கு? எல்எஸ்ஸுக்கு. கலைத்து அடுக்கினால் அது டைம்அவுட்டிடம் போய்ச் சேரும். இப்படிப்பட்ட நிரலில் கலைத்து அடுக்குவதை நிறுத்த ஆப்ஷன் சரத்தின் முதல் எழுத்தாக '+' வைத்தே ஆக வேண்டும். முக்காற்புள்ளியும் வேண்டுமென்றால் '+' முதலில், அது இரண்டாவதாக.

நீள ஆப்ஷன்களில் ஒரு வசதி காலப்போக்கில் வலையாக மாறுகிறது. '--வெர்போஸ்' மட்டும் இருக்கும்வரை பயனர் '--வெர்' என்று சுருக்கினாலும் ஏற்கும். அடுத்த வெளியீட்டில் '--வெர்ஷன்' சேர்த்தால், அந்தச் சுருக்கம் இரண்டுக்கும் பொருந்துகிறது என்று நிரல் பிழை காட்டி நின்றுவிடும். சுருக்கத்தை அணைக்க கெட்ஆப்ட்_லாங்கில் கொடி கிடையாது. ஆகவே '--ஹெல்ப்', '--வெர்ஷன்' இரண்டையும் முதல் வெளியீட்டிலேயே வைத்துவிடுவது மேல். எழுத்து இணை இல்லாத நீள ஆப்ஷன்களுக்கு 256இலிருந்து எனம் (பெயரிட்ட மாறிலி) எண்கள் தர வேண்டும், அப்போதுதான் எந்த எழுத்தோடும் மோதாது. நீள ஆப்ஷன் பட்டியலின் கடைசியில் முழுப் பூஜ்ய வரிசை ஒன்று இருக்க வேண்டும். அதை மறந்தால், தெரிந்த ஆப்ஷன்கள் சரியாகவே வேலை செய்வதுபோல் தோன்றிவிட்டு, தெரியாத ஆப்ஷன் வரும் நாளில் நிரல் நினைவகத்தின் எல்லை தாண்டிப் படிக்கும். இன்னொன்று: தெரியாத நீள ஆப்ஷனுக்கு ஜிலிப்சியில், பிழையான ஆப்ஷனின் எழுத்தைத் தாங்கும் ஆப்ட்ஆப்ட் மாறி பூஜ்யமாக இருக்கும். அதை எழுத்தாக அச்சிட்டால் பிழைச் செய்தியில் பெயர் இராது.

விருப்ப மதிப்பு, அதாவது இரட்டை முக்காற்புள்ளி, வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. '-ஓ3' என்று ஒட்டினால் மதிப்பு, '-ஓ 3' என்று விலக்கினால் 3 தனிச் சொல். எந்தப் பயனருக்கும் இதை விளக்கிப் புரியவைக்க முடிந்ததில்லை.

எண்களுக்கு வருவோம். சரத்தை எண்ணாக்கும் ஏடிஓஐ எதற்கும் மறுப்புச் சொல்லாது. 'அபக' என்றால் 0, '10கே' என்றால் 10. அதற்குப் பதிலாக எஸ்டிஆர்டிஓஎல் பயன்படுத்தினால் நான்கு காரியம் செய்ய வேண்டும். அழைக்கும் முன் பிழை எண்ணைத் தாங்கும் எர்நோவைப் பூஜ்யமாக்குதல். படிப்பு நின்ற இடத்தைக் காட்டும் முடிவுச் சுட்டி தொடக்கத்திலேயே நிற்கிறதா என்று பார்த்தல், வெற்றுச் சரம் இங்கேதான் பிடிபடும். சுட்டி நிற்கும் இடத்தில் சரம் முடிகிறதா என்று பார்த்தல். எர்நோ ஈரேஞ்சா (எண் வகையின் எல்லை தாண்டியதா) என்று பார்த்தல். பிறகு நம்முடைய எல்லைச் சோதனை. 64 பிட் லினக்ஸில் லாங் வகை இன்ட்டைவிடப் பெரியது. 4294967297ஐ லாங்காக வாங்கி அப்படியே 32 பிட் இன்ட்டில் போட்டால் 1 ஆகிவிடும், எந்தக் கூச்சலும் இருக்காது. அடிமானம் 0 கொடுத்தால் '010' எட்டு ஆகும். 10 என்றே கொடுங்கள். எதிர்மறை வேண்டாம் என்று குறியற்ற எண் தரும் எஸ்டிஆர்டிஓயுஎல் பக்கம் போனால் அங்கே இன்னொரு குழி. அது '-1'ஐப் பிழையின்றி ஏற்று, அந்த வகையின் மிகப் பெரிய எண்ணைத் திருப்பித் தரும். எஸ்டிஆர்டிஓஎல்லில் வாங்கி, பூஜ்யத்துக்குக் கீழா என்று நாமே பார்ப்பது எளிது.

சுற்றுக்குள் வேலை செய்யக் கூடாது. -ஓ வந்ததும் கோப்பைத் திறந்து காலியாக்கிவிட்டு, அடுத்து வந்த -என் தவறு என்று வெளியேறினால், பயனரின் பழைய கோப்பு போயே போய்விட்டது. எல்லாவற்றையும் ஒரு ஸ்ட்ரக்டில் சேர்த்து, முழுதும் சரிபார்த்த பின்பே வெளியுலகைத் தொட வேண்டும். '--ஹெல்ப்' கேட்டவருக்கு உதவி நேர் வெளியீட்டில், வெளியேறும் எண் 0. தப்பாகக் கேட்டவருக்குப் பிழை வெளியீட்டில் சுருக்கமாக, எண் 2 அல்லது 64. முதலாவதைப் பிழை வெளியீட்டில் அச்சிட்டால் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ்ஸுக்குள் குழாய் போட்டுப் படிக்க முடியாமல் பயனர் எரிச்சலடைவார்.

கடவுச்சொல்லுக்கு ஆப்ஷன் வைக்காதீர்கள். வழக்கமான லினக்ஸ் அமைப்பில் எந்தப் பயனரும், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையால் அதைப் பார்க்கலாம். ஆர்க்வியை அழித்து எழுதினாலும் அதற்கு முன் ஒரு நொடி திறந்தே கிடக்கும், ஷெல் வரலாற்றிலும் தங்கும். கோப்பு வழியாகவோ நேர் உள்ளீடு வழியாகவோ வாங்குவதே வழி.

சோதனை எழுதும்போது கெட்ஆப்டை ஒரே நிரலுக்குள் பலமுறை அழைக்க நேரும். அடுத்துப் படிக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் ஆப்டின்டை 1ஆக்கினால் போதும் என்பார்கள். ஒட்டிய ஆப்ஷன்களின் நடுவில் நின்றிருந்தால் அது போதாது. ஜிலிப்சியில் ஆப்டின்டை 0 ஆக்க வேண்டும், பிஎஸ்டி வகையில் ஆப்ட்ரீசெட் மாறியையும் 1 ஆக்க வேண்டும். இதைவிட ஒவ்வொரு சோதனையையும் தனிப் ப்ராசஸாக ஓட்டுவது சுலபம். ஓட்ட வேண்டியவை: ஆப்ஷனே இல்லாமல், '--' மட்டும், '-' மட்டும், -என்னுக்கு வெற்றுச் சரம், கடைசியில் மதிப்பில்லாத -ஓ, '-ஓவி' என்று தவறிய ஒட்டு, கோடில் தொடங்கும் கோப்புப் பெயர். அதே தொகுப்பை, ஜிலிப்சியைப் போசிக்ஸ் விதிக்குக் கட்டுப்படுத்தும் போசிக்ஸ்லி_கரெக்ட் சூழல் மாறியை அமைத்து இரண்டாம் முறை ஓட்டினால், ஜிலிப்சியின் தாராளத்தை நம்பி நிற்கும் சோதனைகள் அப்போதே விழும்.